முதல் லாட் வாங்கமாட்டேன்

ஒரு லேப்டாப் வாங்க இரண்டரை வருடம் காத்திருந்தவன் நான். கையில் காசு இல்லாமல் இல்லை. வாங்க மனசில்லாமலும் இல்லை. வாங்குவது என்று முடிவு செய்து, எந்த மாடல் என்றும் முடிவு செய்து, கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டுத்தான் காத்திருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் விளம்பரம் பார்த்து மிக்சி வாங்கி, மூன்றாம் மாதமே அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றவர்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். வெளிப் பட்டறைகளில் செய்து அனுப்பும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டுவது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் நான் படித்த பாடம் ஒன்றுதான்: எந்தப் பொருளானாலும் முதல் லாட்டை நம்பக் கூடாது. ஒரு பட்டறைக்காரன் புது பார்ட் செய்ய ஆரம்பித்து முதலில் அனுப்பும் சரக்கைத்தான் முதல் லாட் என்போம். அதில் துளை கோணியிருக்கும். ஓரத்தில் பிசிறு இருக்கும். ஒன்று மற்றொன்றோடு சேராது. அனுப்பியவன் போனில் கெஞ்சுவான். நான் சிவப்பு அட்டை கட்டுவேன். இரண்டாவது லாட் சுமாராக வரும். மூன்றாவதிலிருந்துதான் பொருள் பொருளாக இருக்கும்.

இந்தக் கொள்கையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பைக் வெளிவந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் வாங்கினேன். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அப்படித்தான். எதுவும் என்னை ஏமாற்றியதில்லை. லேப்டாப்புக்கும் அதே முறைதான் என்று இருந்தேன். வெளியான மாடலை உடனே தொடுவதில்லை. ஏழெட்டு மாதம் போகட்டும், முதலில் வாங்கியவன் அழட்டும், செய்கிறவன் குறையைத் திருத்தட்டும், அப்புறம் நாம் வாங்குவோம்.

பைக்குக்கும் லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம் என் மண்டையில் ஏறவே இல்லை. பைக் ஒரே மாடல் பத்து வருடம் வரும். லேப்டாப் மாடல் வருடம் திரும்புவதற்குள் போய்விடும். நான் பொறுமையாகக் காத்திருந்து பாகலூர் ரோட்டில் இருக்கும் கடைக்குப் போனால், கடைக்காரர் "பன்னி சார்" என்று கன்னடத்தில் உள்ளே கூப்பிடுவார். அடுத்ததும் கன்னடம்தான். "முகிதோய்த்து சார்." முடிந்துபோய்விட்டது என்று அர்த்தம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறுவார்.

"அந்த மாடல் வர்றது நின்னு போச்சு சார். அதுக்கு மேல புதுசு வந்திருக்குது. பாருங்க, பெட்டிகூட இன்னும் பிரிக்கல."

"எப்ப வந்துச்சு?"

"நேத்து."

"அப்ப வேணாம்."

"சார், நேத்து வந்துச்சுன்னுதான சொன்னேன். கெட்டுப்போச்சுன்னா சொன்னேன்?"

இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

இடைப்பட்ட நாளெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் போனில் லேப்டாப் வீடியோ பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் கோபம்தான் மிச்சம். ஒருவன் பெட்டியைப் பிரிப்பதையே பத்து நிமிடம் காட்டுவான். இன்னொருவன் காகிதம் போல மெலிசு என்பான். காகிதம் போல மெலிசாக இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது, மடித்துச் சட்டைப் பையில் வைக்கவா? ஏஐ என்று ஒரு பொத்தான் புதிதாக வைத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று வீடியோ போட்டவனுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே "விரைவில்" என்ற ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிறவன் எவனாவது தேதி போடாமல் "விரைவில்" என்று எழுதினால் அவன் காகிதத்தை அவனுக்கே திருப்பி அனுப்புவேன்.

இதே வீடியோக்காரர்கள்தான் டெஸ்க்டாப் செத்துவிட்டது என்றும் சொல்வார்கள். எங்கள் கம்பெனியில் எங்கே திரும்பினாலும் டெஸ்க்டாப். அளவெடுக்கும் மெஷினுக்கு ஒன்று, லேபிள் அடிக்க ஒன்று, கேட்டில் வண்டி எண் பதிய ஒன்று. எல்லாம் எண்ணெய்க் கையோடு தட்டியும் ஓடுகிறவை. செத்தது எது என்று தெரியாமல் நானும் தலையாட்டிக்கொண்டு பார்த்தேன். நம்பவும் செய்தேன். வீட்டில் இருந்த டெஸ்க்டாப்பைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாளோ என்று நினைப்பேன்.

அந்த டெஸ்க்டாப் பெங்களூரில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. ஹாலின் மூலையில், ஜன்னலை அடைத்துக்கொண்டு இருக்கும். இருபத்தேழு அங்குலத் திரை. அதில் உட்கார்ந்து வேலை செய்வது என் மனைவி. சிவகங்கைப் பக்கத்துக்காரி, சிவில் டிப்ளமோ முடித்தவள். கிருஷ்ணகிரியில் ஒரு இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து கொடுத்தாள். அவர் கையால் கிறுக்கிய தாளைப் போனில் படம் எடுத்து அனுப்புவார். இவள் அதை அளவு பிசகாமல் வரைந்து திருப்பி அனுப்புவாள். ஒன்பது வருடம் இப்படியே.

ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். "நூத்துக்கு மேல வீடு வரைஞ்சிருக்கேன். ஒண்ணு எந்திரிச்சு நின்னு நான் பாத்தது இல்ல."

"கிருஷ்ணகிரி போற பஸ்ல போறப்ப பாத்துக்க வேண்டியதுதான. நூறுல ஒண்ணு ரோட்டோரமா இல்லாமலா போயிடும்."

"ரோட்டுல போறவ பாக்குறதும் நான் உள்ள நிக்கிறதும் ஒண்ணா?"

நான் மோர் கேட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் அந்த இன்ஜினியருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. குந்தாரப்பள்ளிப் பக்கம், ஃபேக்டரிகளில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண்கள் தங்க மூன்று மாடியில் விடுதி. பிளான் இவள் வரைந்ததுதான். சைட்டிலேயே உட்கார்ந்து அன்றன்றைய மாற்றத்தை அங்கேயே வரைந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று இவளைக் கூப்பிட்டார். முதல் இரண்டு மாதம் பார்ப்பார், சரிவந்தால் நிரந்தரம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: லேப்டாப் இருக்கிறதா? "வாங்கிருவோம் சார்" என்று இவள் சொல்லிவிட்டாள். நல்ல நாள் பார்த்து, பன்னிரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் முகத்தில் இருந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று அவளுக்கு ஜுரம், அது வேறு.

நான் கடைக்குப் போனேன். சும்மா போகவில்லை. சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் இருந்தன. நான் சொல்லி வைத்திருந்த மாடல் நான்காவது தடவையாக "முகிதோய்த்து." அதற்குப் பதிலாக வந்ததைப் பிரித்து மேஜையில் வைத்தார். திருப்பி அடியில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். போன மாதம் செய்தது. அசல் முதல் லாட்.

மூடியை மூடி நான்கு மூலையிலும் இடைவெளி பார்த்தேன். கீலைத் திறந்து திறந்து மூடினேன். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தினேன். கடைக்காரர் மோவாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"சார், இது பொண்ணு பாக்கற மாதிரி இல்ல. பொணத்த அறுத்துப் பாக்கற மாதிரி இருக்குது."

"குறை இல்லாம இருக்காது. இப்ப தெரியல, அவ்ளோதான்."

"அடுத்த மாசம் வேற சிப் போட்டு இன்னொண்ணு வருது. அதுக்கு வெயிட் பண்றீங்களா?"

கேலிக்குத்தான் கேட்டார். நான் உண்மையாகவே யோசித்தேன். யோசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வெறுங்கையைப் பார்த்து மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தகுந்த பதில்களைப் பைக்கில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "சரி" என்றாள். பத்தொன்பது வருடம் சரக்குப் பார்த்தவனுக்கு இது நல்லதற்கு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சண்டை இல்லாமல் முடிந்ததே என்று சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

வேலையில் சேரும் நாளுக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து வந்தால், ஹாலின் மூலையில் வெளிச்சம் அடிக்கிறது. ஜன்னல் திறந்திருந்தது. டெஸ்க்டாப் இல்லை. சிபியூவைக் குளிர்காலப் போர்வையில் சுற்றி, கீபோர்டையும் மவுஸையும் குக்கர் வந்த பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி வாசலோரம் வைத்திருந்தாள். திரையை மட்டும் தொடவில்லை.

"இது என்னாத்துக்கு?"

"குட்டி யானை சொல்லிருக்கேன். காலையில ஏழு மணிக்கு வந்துரும். ஸ்கிரீன யாராச்சும் மடியில வச்சுப் பிடிக்கணும். நீங்க லீவு போட்டீகன்னா நீங்க பிடிங்க. இல்லன்னா டிரைவரே ஆள் கூட்டிட்டு வரேன்னாரு."

"டெஸ்க்டாப்ப எடுத்துக்கினு எவளாவது சைட்டுக்குப் போவாளா? அங்க தூசி. கரண்டு நிக்காது. சிமென்டு. எல்லாரும் சிரிப்பாங்க."

"நீங்க லேப்டாப் வாங்காததுக்கே சிரிச்சுக்கிட்டுதான் இருக்காக. இதுக்கும் சேத்துச் சிரிக்கட்டும்."

"இன்ஜினியர் என்னா சொல்வாரு?"

"கேட்டுட்டேன். பெரிய ஸ்கிரீன்தான் சார் இருக்கு, கொண்டாரட்டான்னு கேட்டேன். கரண்டு குடுக்கறேன், மீதி உங்க பாடுன்னாரு."

லீவு சொன்னேன். வேறு என்ன செய்வது.

குட்டி யானையின் பின்பக்கத்தில், பழைய மெத்தை மேல், இருபத்தேழு அங்குலத் திரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சூளகிரி வழியாகப் போனேன். இவள் முன்னால் டிரைவர் பக்கத்தில். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் எழும்பினேனே தவிர, திரையை எழும்ப விடவில்லை. குந்தாரப்பள்ளி நெருங்கும்போது வண்டி நின்றுவிட்டது. அன்றைக்குச் சந்தை. ரோடு முழுக்க மாடும் ஆடும், அவற்றை இறக்குகிற வண்டிகளும். தோளில் துண்டு போட்ட மாட்டுத் தரகர் ஒருவர் எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்து நின்று திரையைத் தட்டிப் பார்த்தார்.

"டிவி இன்னா ரேட்டு?"

"விக்கிறதுக்கு இல்ல."

"சந்தைக்கு ஓட்டியாந்துட்டு விக்கிறதுக்கு இல்லன்றியே." துண்டைக் கையில் போட்டு, விரலைப் பிடித்து விலை பேச அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

முன்னாலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அது குடுக்க முடியாது. பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருல்ல, அவரு வேணும்னா பாருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசு என்னாம்மா?"

"நாப்பத்தாறு."

"வேலைக்கு ஆவாதும்மா. வீட்லயே வச்சிக்க."

டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. திரைக்கு எதுவும் ஆகவில்லை.

சைட்டில் தகரக் கொட்டகை ஒன்று. ஒரு பக்கம் சிமென்ட் மூட்டை, ஒரு பக்கம் ஆடுகிற பிளாஸ்டிக் டேபிள். அதில் எல்லாவற்றையும் மாட்டினோம். வெல்டிங் வைத்தால் கரண்டு இறங்கி யுபிஎஸ் கத்தும். தூசிக்கு மட்டும் நான் ஒரு வழி செய்தேன். கம்பெனியில் மெஷினுக்குப் போடும் ஃபில்டர் ஸ்பாஞ்சு போலவே கடையில் வாங்கி, அளவெடுத்து வெட்டி, சிபியூ காற்று வாங்கும் இடத்தில் எல்லாம் பொருத்தினேன். வாரம் ஒரு முறை கழற்றித் தட்டினால் போதும்.

இன்ஜினியர் வந்தார். அவர் கையில் லேப்டாப் இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் கடையில் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே மாடல். வாங்கி, மூலை மூலையாக நகத்தால் தடவினேன்.

"எத்தன நாளா வச்சிருக்கீங்க?"

"வந்தன்னிக்கே வாங்கினதுங்க. ஏன், ஏதாவது குறை தெரியுதா?"

"தெரியலயேன்னுதான் பாக்கறேன்."

இன்றுவரை அதில் ஒரு குறையும் இல்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையை எழுதித்தான் ஆகவேண்டும்.

முதல் வாரம் அவள் சந்தோஷமாகத் திரும்பவில்லை. சைட்டைப் பார்க்க யாராவது வந்தால் இன்ஜினியர் கொட்டகையின் கதவைச் சாத்திவிடுவாராம். நாலு பேர் பார்த்தால் சைட்டில் எதற்கு டப்பாவை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்களே என்ற வெட்கம். "ரெண்டு மாசம் முடிய விடமாட்டாரு போல" என்றாள். அந்த வாரமே கடைக்குப் போய் எந்த லாட்டாக இருந்தாலும் வாங்கிவிடுகிறேன் என்றேன். "இப்ப வேணாம். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

மூன்றாவது வாரம் எனக்கு லீவு நாள். அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் மாடிக்குக் கம்பி கட்டும் நேரம். இன்ஜினியர் வெயிலில் நின்று லேப்டாப்பை மேஸ்திரியிடம் காட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஐம்பது வயதுக்கு மேல். வெயிலில் அந்தத் திரையில் அவர் முகம்தான் தெரிந்திருக்கும். "சரி சார், சரி சார்" என்றார். காகிதத்தில் காட்டினாலும் அதையேதான் சொல்வார். பிறகு தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் வந்தவர் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, இக்கட ஆப்பண்டி. கொஞ்சம் நிறுத்துங்க. இந்த பீம் எங்க வருது?"

இவள் பெரிதாக்கிக் காட்டினாள். "படிக்கு மேல."

அவர் சிமென்ட் விரலைத் திரையில் வைத்துப் படியை ஒவ்வொன்றாக ஏறினார். எட்டாவது படியில் விரல் நின்றது. "மேல போற பொண்ணுங்க எல்லாம் தலைய கீழ வச்சிட்டுதான் போகணும்."

கம்பி கட்டுகிறவர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இன்ஜினியரும் வந்தார். அவசரத்தில் பீமை நகர்த்தச் சொன்னது அவர்தான்.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் மனைவி. "நீங்க சொன்னபடி போட்டேன். வீட்டுல உக்காந்து போட்டப்ப எனக்குத் தலை தட்டல சார். இங்கன இருந்திருந்தா தட்டிருக்கும்."

இன்ஜினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு கான்கிரீட்டு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"மத்தியானத்துக்குள்ள மாத்தித் தந்துர்றேன்."

எல்லாரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் பீமை நகர்த்த, இன்ஜினியர் கணக்குப் போட, மேஸ்திரி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சாலு, போதும்" என்றார், லாரியை ரிவர்ஸ் எடுக்க வழி சொல்வது போல. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது. நான் கொண்டுபோன சாப்பாடு ஆறிப்போனது. அதை மூன்று மணிக்குச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் கொட்டகையின் கதவைச் சாத்தவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் அங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். பிளம்பரும் வந்தார், எலக்ட்ரீஷியனும் வந்தார். திரையில் நாள் முழுக்க விரல் அடையாளம். சாயங்காலம் துடைப்பது இவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

இரண்டு மாதம் முடிகிற அன்று இன்ஜினியர் கேட்டாராம்: "ஏம்மா, லேப்டாப் ஒண்ணு எடுத்துக் குடுத்துடட்டா?"

"வேணாம் சார். ஒரு மேஜை போட்டுக் குடுங்க. பிளாஸ்டிக் டேபிள் ஆடுது."

கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. மீந்து கிடந்த கிரானைட் பலகை ஒன்றை வெட்டி, வயர் போகத் துளை போட்டு, கீழே செங்கல் கட்டி சிமென்ட் பூசிக் கொடுத்தார்கள். நிரந்தரம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. தரையோடு சேர்த்துப் பூசிய மேஜையை இரண்டு மாதத்துக்கு யாரும் போடமாட்டார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் லேசாக இறக்கம். சொன்னேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள்.

அன்று அவள் என்னைக் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தூண்களும் மேல்தளமும் நின்றன. கீழ்த்தளத்தில் செங்கல் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்திருந்தது. முன் அறைக்கு மட்டும் மரநிலை வைத்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தார்கள். சுற்றிலும் சுவரில்லாமல் நிலை மட்டும் தனியாக நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிலை வழியாக உள்ளே போய் நடுவில் நின்றாள். மேலே பார்த்தாள். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். வரைந்த அளவு அப்படியே இருக்கிறதா என்று காலடி வைத்து அளந்தாள்.

நான் சுற்றிக்கொண்டு போவானேன் என்று முழங்கால் சுவரைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன்.

"ஏங்க, அங்கிட்டு சுவர் இருக்கு. வாசல் வழியா வாங்க."

"எங்க இருக்குது? முட்டி உயரம்தான கீது."

"நான் போட்டுருக்கேன்ல."

காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் போய், செருப்பைக் கழற்றி, வாசல் வழியாக வந்தேன்.